விக்கிப் பக்கங்களில் அடிக்குறிப்பும் மேற்கோள் மறுபயன்பாடும்

முன்னுரை

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தொடங்கப்பெற்றது. அதன் தொடக்கக் காலப் பெரும்பங்களிப்பாளரான இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாழ்ந்தவாறே அப்பணியைச் செய்தவர். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டிற்கான இயல் விருதினை அவருக்கு வழங்கியது. பல நாடுகளில் வாழும் தமிழர் ஒருவரையொருவர் நேரில் காணாமலே கூடி எழுதும் களமாக விக்கி தொடக்கம் முதலே அமைந்துள்ளது என்பதற்கு இதுவே சான்று.

இத்தகைய களத்தில் எழுதியவர் யார் என்பது கருத்தின் உண்மைக்கு உறுதி தருவதில்லை. ஒரு பக்கத்தைப் பேராசிரியர் ஒருவரும் பள்ளி மாணவர் ஒருவரும் அடுத்தடுத்துத் திருத்தியிருக்கலாம்; வாசகர் முன் இருவர் தொடரும் ஒன்றுபோலவே நிற்கும். எனவே, கூறப்படும் செய்தி எந்த நூலில், எந்த இடத்தில் உள்ளது என்று காட்டுவதே அங்கு அடிப்படை நெறியாயிற்று. தமிழ் விக்கிப்பீடியர் இதனை ‘மெய்யறிதன்மை’ என வழங்குவர். இந்நெறியைச் சுமந்து நிற்பது அடிக்குறிப்பு. விக்கிப் பக்கத்தில் அடிக்குறிப்பு அமையும் முறையையும், ஒரே சான்றினைப் பல இடங்களில் மறுபயன்படுத்தும் வழியையும், அதில் நேரும் பிழைகளையும், தமிழ்ச் சான்றுகளுக்கே உரிய இடர்ப்பாடுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1. மேற்கோள் மரபும் அடிக்குறிப்பும்

பிறர் கூற்றைச் சுட்டி எழுதுதல் தமிழுக்குப் புதிதன்று. இலக்கண நூலோர் ‘என்ப’, ‘என்மனார்’ என முன்னோர் கருத்தை வழிமொழிந்தனர். உரையாசிரியர்கள் தம் விளக்கத்திற்கு அரணாகச் செய்யுட்களை மேற்கோள் காட்டினர். ஆயினும் அச்செய்யுள் எந்நூலைச் சார்ந்தது என்பதைப் பல இடங்களில் அவர்கள் குறிப்பிடவில்லை. அக்கால மாணாக்கர் அந்நூல்களை மனப்பாடமாக அறிந்திருந்தமையால் அதற்குத் தேவையும் எழவில்லை.

நூல்கள் வழக்கொழிந்தபோது இந்நிலை மாறிற்று. பெயர் சுட்டப்படாத மேற்கோட் செய்யுட்களின் மூலத்தைத் தேடுவதே பதிப்பாசிரியரின் பெரும்பணியாயிற்று. உ. வே. சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட புறநானூறு முதலிய பதிப்புகளில், ஒரு செய்யுளை எவ்வெவ்வுரையாசிரியர் எங்கெங்கு எடுத்தாண்டனர் என்பதை ‘மேற்.’ என்னும் சுருக்கக் குறியின்கீழ்த் தொகுத்துக் காட்டும் முறையைக் காணலாம். ஒரே மூலம் பல இடங்களில் பயன்பட்டிருப்பதை ஓரிடத்தில் நின்று அறியச் செய்யும் முறை அது. விக்கிப் பக்கத்தின் மறுபயன்பாட்டு மேற்கோளும் இதே பணியைக் கணினியின் துணைகொண்டு செய்கிறது. சான்றின் இடம் சுட்டப்படாதபோது பின்வருவோர் அடையும் அல்லலும் இரு காலத்திற்கும் பொதுவானது.

2. அடிக்குறிப்பின் அமைப்பு

விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளில் அடிக்குறிப்புக்கென ‘சைட்’ என்னும் நீட்சி 2005ஆம் ஆண்டின் இறுதியில் சேர்க்கப்பட்டது. அதன் அமைப்பு எளிமையானது. சான்று தேவைப்படும் தொடரின் முடிவில், கோண அடைப்புக்குறிக்குள் ‘ரெஃப்’ என்னும் ஆங்கிலக் கட்டளைச்சொல் இடப்படும். அதனையடுத்து நூல் விவரம் எழுதப்பெறும். பின்னர், சாய்கோட்டுடன் கூடிய அதே சொல்லால் குறிப்பு முடித்துவைக்கப்படும். பக்கத்தைச் சேமித்தவுடன் அந்த இடத்தில் ஓர் எண் சற்று மேலெழுந்து தோன்றும். நூல் விவரம் பக்கத்தின் கீழே ‘மேற்கோள்கள்’ என்னும் தலைப்பின்கீழ் அமையும் பட்டியலுக்குச் சென்றுவிடும்.

எண்ணிடுதல் எழுதுவோரின் பொறுப்பன்று. நடுவே புதியதொரு குறிப்பு நுழைந்தால் பின்வரும் எண்கள் அனைத்தும் தாமே மாறிக்கொள்ளும். ஆகவே, கட்டுரையின் உடலில் ‘மேலே 7ஆம் குறிப்பிற் காண்க’ என எழுதுதல் கூடாது. இன்று 7ஆக இருப்பது நாளை 12ஆகலாம். அச்சு நூலில் பழகிய ‘மேலது’, ‘முற்கூறிய நூல்’ என்னும் சுட்டுகளும் இக்காரணத்தால் விக்கியில் பயன்தாரா. இரு குறிப்புகளுக்கிடையே வேறொருவர் மூன்றாவதொன்றைச் சேர்த்துவிட்டால், ‘மேலது’ என்பது தொடர்பற்ற நூலொன்றைச் சுட்டத் தொடங்கும்.

சான்றுகளையும் விளக்கக் குறிப்புகளையும் பிரித்துக் காட்டவும் வழியுண்டு. கட்டளையில் ‘குரூப்’ என்னும் பண்பைச் சேர்த்துக் குழுப்பெயர் ஒன்றை அளித்தால், அக்குறிப்புகள் தனிப் பட்டியலாக அமையும். சொற்பொருள் விளக்கம், பாடவேறுபாடு முதலியன மிகுதியாக வரும் இலக்கியக் கட்டுரைகளுக்கு இது பெரிதும் ஏற்றது.

3. ஒரு சான்று, பல இடங்கள்

சாமிநாதையரைப் பற்றிய பக்கமொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவர் 1855இல் பிறந்தமை, திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டமை, 1880இல் தியாகராச செட்டியாருக்குப்பின் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனமை, அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்துச் சீவகசிந்தாமணியின்பால் ஈர்க்கப்பட்டமை ஆகிய நான்கிற்கும் ‘என் சரித்திரம்’ என்னும் ஒரே நூல் சான்றாகிறது. நான்கு இடங்களிலும் நூல் விவரத்தை முழுமையாக எழுதினால், கீழே ஒரே நூல் நான்கு எண்களில் திரும்பத் திரும்பத் தோன்றும். வெவ்வேறு நான்கு சான்றுகள் இருப்பது போன்ற மயக்கமும் உண்டாகும்.

இதனைத் தவிர்க்கவே பெயரிட்ட மேற்கோள் முறை உள்ளது. முதலிடத்தில் கட்டளைக்குள் ‘நேம்’ என்னும் பண்பைச் சேர்த்து, அதற்கு ‘என் சரித்திரம்’ எனப் பெயர் தரவேண்டும். அடுத்தடுத்த இடங்களில் நூல் விவரத்தை எழுதாமல், அப்பெயரை மட்டும் தாங்கிய கட்டளையைச் சாய்கோட்டுடன் முடித்துவிடலாம். இப்போது நான்கு இடங்களிலும் ஒரே எண் தோன்றும். பட்டியலில் அந்நூலின்முன் அம்புக்குறியும் துணை எண்களோ எழுத்துகளோ நிற்கும். அவற்றைச் சொடுக்கினால், நூல் பயன்பட்ட ஒவ்வோர் இடத்திற்கும் செல்லலாம். விவரத்தில் பிழையிருப்பின் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

பெயரிடுவதில் கருத்திற்கொள்ள வேண்டியவை சில. பெயர் தமிழிலும் இருக்கலாம். ஆயின் அதனை மேற்கோட்குறிகளுக்குள் இடவேண்டும். வெறும் எண்ணைப் பெயராக இடலாகாது. ‘நூல்1’, ‘நூல்2’ போன்றவை பின்னர்த் தொகுப்போருக்குப் பொருள்படா. ஆசிரியர் பெயரோடு ஆண்டையோ நூற்பெயரையோ சேர்ப்பது நலம். காட்சித் தொகுப்பியில் எழுதுவோர் மேற்கோளை மறுபயன்படுத்தும்போது மென்பொருளே முக்காற்புள்ளிகளும் எண்களும் கொண்ட பெயர்களை இட்டுவிடுகிறது. அவற்றைப் பொருளுள்ள பெயர்களாக மாற்றுதல் பின்வருவோருக்குச் செய்யும் உதவியாகும்.

பிழைகள் பெரும்பாலும் இரு வகையின. ஒரே பெயர் இருவேறு நூல்களுக்கு இடப்படுவது ஒன்று. முழு விவரம் தாங்கிய பத்தியை யாரேனும் நீக்கிவிட, பெயர் மட்டும் தாங்கிய ஏனைய குறிப்புகள் மூலமின்றி நிற்பது மற்றொன்று. ஒரு பக்கத்தின் பத்தியை வேறொரு பக்கத்தில் வெட்டி ஒட்டும்போதும் இரண்டாவது பிழையே நேர்கிறது. ஏனெனில், பெயரின் ஆட்சி அந்தப் பக்கத்தோடு முடிந்துவிடும். இரண்டிடத்தும் மென்பொருள் சிவப்பு எழுத்தில் பிழையைச் சுட்டும். முழு விவரங்கள் அனைத்தையும் கட்டுரையின் உடலில் எழுதாமல் கீழுள்ள பட்டியலுக்குள்ளேயே எழுதிவைக்கும் வழக்கம் 2009 முதல் உள்ளது. அம்முறையில் மேலே எந்தப் பத்தி நீங்கினாலும் நூல் விவரம் அழிவதில்லை. நெடுங்கட்டுரைகளுக்கு அதுவே பாதுகாப்பானது.

4. மென்பொருள் காட்டாத பிழை

மேற்கூறிய பிழைகளை மென்பொருள் தானே கண்டறியும். அதனாற் கண்டறிய இயலாத பிழையொன்று உண்டு. அதுவே மிகவும் தீங்கானது. மேலே கண்ட எடுத்துக்காட்டிலேயே அதனை விளக்கலாம்.

‘சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றினார்’ என்னும் தொடருக்கு ‘என் சரித்திரம்’ சான்றாக உள்ளது. பின்வந்த ஒருவர் அத்தொடரை நீட்டி, ‘1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்று, 1942இல் மறைந்தார்’ எனச் சேர்த்துவிட்டு, அடிக்குறிப்பைத் தொடரின் இறுதியில் அப்படியே விட்டுவிடுகிறார் எனக் கொள்வோம். அவர் சேர்த்த செய்திகள் இரண்டும் உண்மையே. ஆனால் ‘என் சரித்திரம்’ அவற்றிற்குச் சான்றாக முடியாது. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த அந்நூல் ஆசிரியரின் மறைவால் முற்றுப்பெறாமல் நின்றது. அது கூறும் வாழ்க்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியோடு முடிந்துவிடுகிறது. தம் மறைவைத் தாமே எழுதிய ஆசிரியராக அவர் அப்பக்கத்தில் காட்சி தருகிறார். எண் உள்ளது, நூல் உள்ளது, இணைப்பும் உள்ளது. சான்று மட்டும் இல்லை.

மறைவு குறித்த செய்தியாதலின் இந்தப் பிழை எளிதிற் புலப்படுகிறது. ஒரு சங்கம் தோன்றிய ஆண்டு, ஓர் இதழின் முதல் ஆசிரியர் பெயர் போன்றவற்றில் இதே பிழை நேர்ந்தால், நூலைத் திறந்து பார்க்கும்வரை எவரும் அறியார். ஆகவே பெயரிட்ட மேற்கோளை மறுபயன்படுத்துவோர் ஒவ்வொரு முறையும் இரண்டு வினாக்களை எழுப்பிக்கொள்ள வேண்டும். குறிப்பின் எண்ணுக்குமுன் உள்ள ஒவ்வொரு செய்தியும் அந்நூலில் உள்ளதா? உள்ளதெனின் எந்தப் பக்கத்தில் உள்ளது?

5. பக்க எண்ணின் இன்றியமையாமை

இரண்டாவது வினாவிலேயே பெயரிட்ட மேற்கோளின் குறைபாடு வெளிப்படுகிறது. நான்கு செய்திகளுக்கும் ஒரே எண் தோன்றுவதால், நான்கிற்கும் உரிய வெவ்வேறு பக்க எண்களைக் காட்ட அங்கு இடமில்லை. பல நூறு பக்கங்கள் கொண்ட தன்வரலாற்றைச் சுட்டி ‘இந்நூலில் காண்க’ என்பது, தேடும் சுமையை வாசகர்மீது ஏற்றுவதாகும்.

இதற்குத் தீர்வாக மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. முதலாவது, எண்ணையடுத்துப் பக்க எண்ணைச் சிறிதாகக் காட்டும் வார்ப்புரு. இரண்டாவது, ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை மட்டும் தாங்கிய சுருக்க அடிக்குறிப்பு. அது ‘உசாத்துணை’ப் பகுதியிலுள்ள முழு விவரத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். மூன்றாவது, ஒரு முதன்மைக் குறிப்பின்கீழ்ப் பக்க எண்களைத் துணைக் குறிப்புகளாக அமைக்கும் முறை. ஜெர்மனியின் விக்கிமீடியா அமைப்பு இதனை மென்பொருளிலேயே உருவாக்கும் பணியை மேற்கொண்டுள்ளது. ஒரு நூலை இரண்டு மூன்று இடங்களில் மட்டும் சுட்டுவோருக்கு முதலாவதும், பல நூல்களைப் பல இடங்களில் சுட்டும் ஆய்வுக் கட்டுரைக்கு இரண்டாவதும் பொருந்தும்.

தமிழ் நூல்கள் பலவும் பல பதிப்பகங்களால் பல்வேறு அளவுகளில் மீண்டும் மீண்டும் அச்சிடப்படுவதால் பக்க எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ‘என் சரித்திரம்’ 1950இல் நூல் வடிவம் பெற்றபின் பல பதிப்புகளைக் கண்டது. கோலாலம்பூர் வாசகர் கையிலுள்ள பதிப்பும் டொரண்டோ நூலகத்திலுள்ள பதிப்பும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. எனவே பதிப்பாண்டோடு பக்க எண்ணைத் தருவதுடன் அத்தியாயத் தலைப்பையும் சேர்த்தல் வேண்டும். செய்யுள் நூலாயின் பாட்டெண்ணும் அடியெண்ணும், இலக்கண நூலாயின் இயலும் நூற்பா எண்ணும் தருவது சிறந்தது.

6. தமிழ்ச் சான்றுகளுக்கே உரிய இடர்ப்பாடுகள்

மேற்கோள் வார்ப்புருக்கள் ஆங்கில நூலியல் வழக்கைப் பின்பற்றி உருவானவை. அவற்றில் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்கள் உள்ளன. தமிழர் பெயரில் முன்னெழுத்து தந்தையின் பெயரையோ ஊரையோ குறிக்கும். குடும்பப்பெயர் என ஒன்றில்லை. இரு கட்டங்களிலும் பிரித்து நிரப்பினால் ‘சாமிநாதையர், உ. வே.’ எனத் தலைமாறி வருவதோடு, ஒரே ஆசிரியர் ஒரு பக்கத்தில் ஒருவகையாகவும் மற்றொன்றில் வேறுவகையாகவும் தோன்றுவார். ‘ஆசிரியர்’ எனப் பொருள்படும் ஒற்றைக் கட்டத்தில் முழுப்பெயரையும் இடுவதே முறை. சுருக்க அடிக்குறிப்பிலும் அதே எழுத்து வடிவத்தை மாற்றமின்றி இட்டாலன்றி இணைப்புச் செயற்படாது.

ஆண்டினைக் குறிப்பதிலும் இடர் உண்டு. பழைய அச்சு நூல்கள் பலவற்றில் அறுபதாண்டு வட்டத்தின் பெயரே காணப்படும். சீவகசிந்தாமணி அச்சான 1887ஆம் ஆண்டின் பெரும்பகுதி சர்வசித்து ஆண்டாகும். ஆயின் அப்பெயர் 1947இலும் 2007இலும் மீண்டும் வந்தது. மேலும் தமிழாண்டு சித்திரையில் தொடங்குவதால் இரு ஆங்கில ஆண்டுகளைத் தொட்டு நிற்கும். முகப்புப் பக்கத்தில் உள்ள ஆண்டுப் பெயரை அப்படியே குறித்து, கணித்தறிந்த ஆங்கில ஆண்டை அதனருகே தருவதே நேர்மையான முறை.

மூன்றாவது இடர் தானியக்க வசதி பற்றியது. காட்சித் தொகுப்பியில் ஓர் இணைய முகவரியையோ நூலின் பன்னாட்டுத் தர எண்ணையோ இட்டால், ‘சைட்டாய்டு’ என்னும் சேவை நூல் விவரத்தைத் தானே திரட்டித் தரும். ஆனால் அத்தர எண் முறை தோன்றுவதற்கு முந்திய நூல்களுக்கு அவ்வெண் இல்லை. அயலகத் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர்கள், கோயில் குடமுழுக்கு மலர்கள், பள்ளி வெள்ளிவிழா மலர்கள் ஆகியவற்றுட் பலவும் அவ்வெண் பெறாதவை. புலம்பெயர் வரலாற்றின் முதன்மைச் சான்றுகளோ பெரும்பாலும் இவையே. இவற்றைக் கையாற் பதிவதைத் தவிர வேறு வழியில்லை. வெளியிட்ட அமைப்பு, ஊர், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, பக்கம், படி பேணப்படும் நூலகம் ஆகிய ஆறும் இருப்பின் அச்சான்று எவராலும் கண்டடையத்தக்கதாகும்.

7. பக்க எல்லையைக் கடந்த மறுபயன்பாடு

பெயரிட்ட மேற்கோள் ஒரே பக்கத்திற்குள் செயற்படுவது. அதே நூலை நூறு பக்கங்களிலும் பிறமொழி விக்கிகளிலும் பயன்படுத்த விக்கித்தரவு வழிசெய்கிறது. அங்கு ஒரு நூலுக்கு ஓர் உருப்படி உருவாக்கி, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு முதலியவற்றை ஒருமுறை பதிந்துவிட்டால், அதற்குரிய வார்ப்புரு நிறுவப்பட்டுள்ள எந்த விக்கியிலும் அவ்வுருப்படியின் எண்ணை மட்டும் சுட்டி முழு மேற்கோளைப் பெறலாம். நூல் வேறு, அதன் பதிப்பு வேறு எனப் பிரித்து இரு உருப்படிகளாக அமைக்கவேண்டும் என்பதே இதில் முதன்மையான விதி.

இத்தகைய நிலையான எண்களைத் தமிழ் எண்ணிம நூலகங்களும் வழங்குகின்றன. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அத்தகைய இழப்புக்குள்ளான சமூகத்தின் ஆவணங்களைத் திரட்டிவரும் ‘நூலகம்’ எண்ணிம நூலகம் 2005 முதல் ஒவ்வோர் ஆவணத்திற்கும் ஒரு நூலக எண் தந்து பேணிவருகிறது. அதுவும் மீடியாவிக்கி மென்பொருளிலேயே இயங்குகிறது. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய இதழ்களை எண்ணிம வடிவில் அளிக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் நூலின் ஒவ்வொரு பக்கமும் மின்வருடிய படத்தோடு தனிப் பக்கமாக இருத்தலின், அடிக்குறிப்பிலிருந்து நேரே உரிய பக்கத்திற்கே இணைப்புத் தரலாம். இவ்வெண்களோ இணைப்புகளோ உள்ள அடிக்குறிப்பு, நூலகமே இல்லாத ஊரில் வாழும் தமிழ் மாணவருக்கும் மூலத்தைத் திறந்துவிடுகிறது. பிற இணையதளங்களைச் சுட்டும்போது முகவரி மறையக்கூடுமாதலின், இணைய ஆவணகத்தில் படியெடுத்து அந்த முகவரியையும் சேர்த்தல் வேண்டும்.

8. வட்டச் சான்று

ஆய்வாளர் தம் எழுத்திலும் கருதவேண்டிய ஒன்றுண்டு. விக்கிப் பக்கத்தில் சான்றின்றி நின்ற செய்தியொன்றை ஒருவர் மூலம் குறிப்பிடாமல் தம் கட்டுரையில் எடுத்தாள்கிறார். சில ஆண்டுகள் கழித்து, ‘சான்று தேவை’ என்னும் குறியைக் கண்ட தொகுப்பாளர் ஒருவர் அக்கட்டுரையையே தேடிக் கண்டு அச்செய்திக்குச் சான்றாக இடுகிறார். தவறான செய்தி இவ்வாறு ஒரு வட்டம் சுற்றி வந்து, ஆய்வின் மதிப்பைப் பெற்றுவிடுகிறது. பெயரிட்ட மேற்கோளாயின் அப்பக்கம் முழுவதும் அது பரவவும் கூடும். பக்கத்தின் ‘வரலாறு’ பகுதியில் அச்செய்தி முதலில் நுழைந்த நாளையும், சான்றாகக் காட்டப்படும் கட்டுரை வெளியான நாளையும் ஒப்பிட்டால் இவ்வட்டம் வெளிப்படும். விக்கியை மேற்கோள் காட்ட நேரும் ஆய்வாளர், அன்று தாம் படித்த வடிவத்திற்குரிய நிலையான இணைப்பைத் தருதல் வேண்டும். பக்கம் பின்னர் மாறினும் அவ்வடிவம் மாறாது.

மொழிபெயர்ப்பிலும் இத்தகைய இடர் உண்டு. ஆங்கிலப் பக்கத்தைத் தமிழாக்கும்போது அடிக்குறிப்புகளும் உடன்வந்துவிடுகின்றன. மொழிபெயர்த்தவர் அந்நூல்களைக் கண்டிருக்க வேண்டுவதில்லை. காணாத நூலைக் கண்டதுபோற் சுட்டுதல் அச்சு நூலில் குற்றமாயின், விக்கியிலும் குற்றமே. இயன்றவரை மூலத்தைச் சரிபார்ப்பதும், அச்செய்திக்குத் தமிழ்ச் சான்று கிடைப்பின் அதனைச் சேர்ப்பதும் மொழிபெயர்ப்புப் பணியின் பகுதியாகவே கொள்ளத்தக்கன.

முடிவுரை

பெயரிட்ட மேற்கோள் முறை எழுதுவோரின் உழைப்பைக் குறைக்கிறது; பட்டியலைச் செம்மைப்படுத்துகிறது; திருத்தத்தை எளிதாக்குகிறது. எனினும் நூற்பெயரைத் திரும்பக் காட்டுவது மட்டும் மறுபயன்பாடு ஆகாது. பயன்படும் ஒவ்வோரிடத்திலும் அந்நூலின் எப்பகுதி அச்செய்தியைத் தாங்குகிறது எனச் சுட்டும்போதே அது சான்றாகிறது.

முதலாவது உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில், தனிநாயகம் அடிகளாரின் பெருமுயற்சியால் நடைபெற்றது. அதன்பின் பல நாடுகளில் நடந்த மாநாடுகளின் கட்டுரைத் தொகுதிகள் நூலகங்களில் உள்ளன. அயலகத் தமிழரின் பள்ளி, இதழ், கோயில், தொழிற்சங்க வரலாறுகள் பல அவற்றில் பதிவாகியுள்ளன. அவற்றுள் ஒரு கட்டுரையேனும் ஆசிரியர், தலைப்பு, தொகுதி, ஆண்டு, பக்கம் ஆகிய விவரங்களோடு உரிய விக்கிப் பக்கத்தில் அடிக்குறிப்பாக இடம்பெறுமாயின், நிலையடுக்கில் இருக்கும் அத்தொகுதி மீண்டும் படிக்கப்பெறும். தம் கட்டுரையையே சுட்ட விரும்பும் பேராளர் அதனை உரையாடல் பக்கத்தில் தெரிவித்துப் பிறர் ஒப்புதலோடு சேர்ப்பது முறையாகும். ஆய்வு நூலகங்கள் தம்மிடமுள்ள அரிய மலர்களின் விவரங்களை விக்கித்தரவில் பதிவதும், பேராளர்கள் தாம் அறிந்த துறையில் ‘சான்று தேவை’ எனக் காத்திருக்கும் தொடர்களுக்கு உரிய பக்க எண்ணைத் தருவதும் உடனே தொடங்கத்தக்க பணிகளாகும்.